அங்கதான் இருக்கும்

கரிப்பட்டமுறிப்பு தாண்டி ஒரு வளைவு.
லைற் இரண்டும் ஒன்றாய்ச் செத்தன.
காடு கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது.

பல்ப் என்றால் ஒன்று போகும், மற்றது மிஞ்சும்.
பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன்,
கம்பி முழுசாய்.
அப்ப றிலேதான்.
எங்கே?

தவேந்திரன் மல்லாவி பாஸுக்குப் போன் எடுத்தார்.
"அது அங்கதான் அண்ணை இருக்கும், அந்தப்..."
சிக்னல் போய்விட்டது.
அங்கதான் மட்டும்
எங்களோடு வானுக்குள் ஏறிக்கொண்டது.

டவுன்ஏஸ். மகளை விட இருபது வயது மூப்பு.
பெட்டி மூடியில் யப்பான் எழுத்து.
முந்தி வைத்திருந்தவர்களின் கையெழுத்து வயரில்:
சிவப்பாய்த் தொடங்கிப் பச்சையாய் முடிகிற ஒன்று,
ரெலிபோன் கம்பி ஒரு முழம்,
ஒரு மூட்டில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர்.
யாருடைய அவசரமோ.
அவிழ்க்கவில்லை.

கதவைத் திறந்து முழங்காலில் நின்றேன், தாரில்.
ஒரு அடி தள்ளி மெத்தென்று புல்.
மண்டையோட்டுப் பலகை கழற்றி ஒன்பது வருசம்;
என் முழங்காலுக்கு இன்னும் ஒருவரும் அறிவிக்கவில்லை.

தலையை டாஷ்போட்டுக்குக் கீழே விட்டு
கையை அதற்கும் உள்ளே விட்டு
"அபிசனா, லைற் சுவிச்சைப் போடு.
நிப்பாட்டு.
போடு."

இந்தத் தவளைச் சத்தத்தில் டிக் கேட்காது,
விரல்தான் காது.
சதுரமாய் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.
சிலந்திக் கூடு. எப்போதோ விழுந்த கச்சான் கோது.
ஒன்றும் துடிக்கவில்லை.
"ரோச்சை இஞ்சால பிடியுங்கோவன்"
"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்"

"சரி, ஹோனை அடி."

தவளைகள் வாயை மூடின.
சுண்டுவிரலில் ஒரு தட்டு.
இவள் வயிற்றுக்குள் முதல்முறை உதைத்தது
இவ்வளவுதான் இருந்தது, இதே அளவு.
(ஒருவருக்கும் சொல்லவில்லை. லைற்றைப் பார்க்கிற நேரம் அது.)

துடித்தது ஹோனுக்கானது என்றால்
பக்கத்து வீட்டில் அசையாமல் கிடப்பது லைற்றுக்கானது.
நாலு கால், ஒரே உயரம்.
இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினேன்.
"போடு."

றோட்டு திரும்பி வந்தது.
பதினைந்து யாரில் மாடுகள்,
ஏழோ எட்டோ, படுத்தபடி
இவ்வளவு நேரமும் எங்களைப் பார்த்துக்கொண்டு.
அடித்த ஹோனுக்கு ஒரு காது கூட ஆட்டாதவை.
இப்போது அந்த ஹோனும் இல்லை.

தவேந்திரன் இறங்கி, கை தட்டி,
மரியாதையாய் "எழும்புங்கோ" என்றார் மாடுகளிடம்.
அபிசனா யன்னலால் தலையை நீட்டி
"பாஆஆம்" என்று ஒன்று விட்டாள்.
எழும்பின.

முள்ளியவளை வரும்போது பாஸ் எடுத்தார்.
"அங்கதானே இருந்தது?"
"ஓம்" என்றேன்.

மூன்று மாதமாகிறது.
செத்த றிலே இன்னும் ஹோனின் இடத்தில்.
அபிசனாவுக்குத் தொண்டை கட்டினால்
கடைக்குப் போகவேண்டும்.