அரைப் பேர்

லிமாசோலில் புவனமலர் எண்ணியது
கொழுந்து இல்லை, குடை.
நூற்றுப் பதினெட்டு. நீலக் கோடு போட்டவை.
ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைக்காரர்
வெயிலுக்குக் காசு கொடுத்துக் கிடந்தார்.
மத்தியானத்துக்கு மேல் வந்தவருக்குப் பாதி விலை.
‘அரைப் பேர்’ என்று மனசுக்குள் செக்ரோலில் எழுதிக்கொண்டாள்.

கடல் எப்படி என்று கேட்டால்
“அவ்வளவா சத்தம் போடாது,
வாடகைக்கு இருக்கிற மாதிரி” என்பாள்.
கால் நனைத்தது இரண்டே தரம்.
ஒருதரம், யாரோ விட்ட செருப்பை எடுக்க.
மற்றது ஏனென்று சொன்னதில்லை.

இந்த மார்ச்சில் மஸ்கெலியாவில் தண்ணீர் இறங்கியது.
மூழ்கிய கோயில் தலைகாட்ட
ஹட்டனிலிருந்து வேன் வேனாய் ஆட்கள்,
ஐஸ்கிரீம் மணி, வடை, செல்ஃபி.
வெடித்த சேற்றில் அவள்
நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள்.
மலைக்குப் பிடித்துப் போகும் கறுப்புக் குடைகளைக்
கம்பில் கட்டினாள்.
மணிக்கு நூறு ரூபாய்.

கங்காணி மகன் வந்து சாய்ந்தான்.
“கடல் எங்க?”
“வரும். மொதல்ல காசு.”

வெள்ளிக்கிழமை பிடித்தது மழை.
கோயிலுக்கு இடுப்பளவு, பிறகு கழுத்தளவு.
நாற்காலிகளை அடியடியாய்ப் பின்னுக்கு இழுத்தாள்.
கடைசி ஆளுக்கு அரைப் பேர்.
குடை மழைக்கானது என்பதே
அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.