இன்னும் எடை போடல

இடது தோளில் மார்க்கரால் எண் எழுதிய பெண்
"அசையாதீங்கக்கா" என்றாள்.
ஜவ்வரிசி மூட்டைகளில் நான் எழுதும் அதே எழுத்து:
ஒன்றுக்குத் தலையில் கொக்கி கிடையாது,
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
217.

மூக்கனேரிக்கு இன்னும் விடியவில்லை.
முந்நூறு பேர் மஞ்சள் தொப்பியில்.
நான் தண்ணீருக்குப் பழகியது முப்பத்தொன்பது வயதில்,
மாநகராட்சிக் குளத்தில், பெண்களுக்கான அந்த ஒரு மணி நேரத்தில்,
எட்டு வயதுப் பிள்ளைகளோடு சுவரைப் பிடித்துக்கொண்டு.
குளத்தின் தரையில் கறுப்புக் கோடு உண்டு.
ஏரிக்கு அது இல்லை.
யாருடைய குதிகாலோ என் கண்ணாடியைத் தட்டியது.
வாய்க்குள் பாசி வந்தது, துப்பினேன்,
மறுபடி வந்தது, விழுங்கினேன்.
நானூறு மீட்டரில் மூச்சு என்னை விட்டுவிட்டு
முன்னால் போய்விட்டது.
மல்லாந்தேன்.
சேர்வராயன் விளிம்பு பற்றாத அடுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது.
தீவிலிருந்து கொக்குகள் கிளம்பின,
எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல்.
எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ.
படகுக்காரர் "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார்.
அந்தக் கேள்விதான் என்னைக் குப்புறப் புரட்டியது.

அடிவாரத்திலிருந்து இருபது வளைவுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை,
ஒவ்வொன்றிலும் நெடுஞ்சாலைத்துறையின் பொறுமை.
ஏழாவதில் பேசுவதை நிறுத்தினேன்.
(அதுவரை சைக்கிளோடு பேசிக்கொண்டிருந்தேன்.)
பதினொன்றில் வாழைப்பழம் எடுத்து
உரிப்பதற்குள் குரங்கு வாங்கிக்கொண்டது,
பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டது,
வரவேண்டிய பாக்கி போல.
பதிமூன்றில் சங்கிலி கழன்றது.
விரலெல்லாம் கிரீஸாகி மாட்டும்போது
ஏற்காடு பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு திரும்பியது.
படியில் செங்கோடன்,
தினமும் காலையில் எனக்குச் சில்லறை தராத கண்டக்டர்.
ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை அவனுக்கு,
தெரிந்ததும் விசில் எடுத்து
எனக்கு இரண்டு ஊதினான்.
பஸ்ஸுக்கு இல்லை. எனக்கு.
ரைட்.

மேலே குளிர், சில்வர் ஓக் நிழல்,
முப்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்று.
அங்கே என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
நன்றாகத்தான் ஓட்டினேன்.
இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து
கை விரல்கள் யாருடையதோ ஆயின.

பிறகு சேலம் வெயில்.
பதினோரு மணிக்கு மேல் இந்த ஊரில்
நாய்கூட ஓடாது.
ஏரிக்கரையில் ஒரு சுற்று, இரண்டு, மூன்று.
பெங்களூர்க்காரர் ஒருவர், விலையுயர்ந்த ஷூவைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு
புளியமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.
என் உப்பெலுமிச்சையில் பாதியைக் கொடுத்தேன்.
பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.
பதினான்காவது கிலோமீட்டரில் கணவர்,
நிழலில், கையில் போனோடு.
ஏதாவது சொல்வார் என்று கிட்டே போனேன்.
"பீரோ சாவி எங்க வெச்ச?" என்றார்.
சொன்னேன்.
அடுத்த இரண்டு கிலோமீட்டர்
அந்தக் கோபத்தில்தான் ஓடினேன்.
பிறகு கோபமும் தீர்ந்து நடந்தேன்.

எட்டரை மணி நேரம்தான் கணக்கு.
வந்து சேர்ந்தபோது
வளைவில் காற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள்,
நேரம் பிடிக்கும் பாயைச் சுருட்டி
டெம்போவில் ஏற்றியாகிவிட்டது.
மைக் இல்லை. பதக்கப் பெட்டி மூடியிருந்தது.
கோடு இருந்த இடம் எது என்று தெரியாமல்
குத்துமதிப்பாகத் தாண்டினேன்.
காலையில் எண் எழுதிய பெண் மட்டும்
பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
தன் போனைப் பார்த்தாள், மார்க்கரைத் தேடினாள்.
217க்குக் கீழே, அதே கையெழுத்தில்:
8.41.
"அசையாதீங்கக்கா."
அசைய என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை. சீயக்காய்க்கும் போகவில்லை மை.
மாதிரிப் பொட்டலங்களுக்கு லாட் நம்பர் ஒட்டும்போது
ரவிக்கைக் கை மேலேறியது.
ஆத்தூர் வியாபாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"இது எந்த லாட்டும்மா?"

"நேத்து வந்துதுங்க" என்றேன்.
"இன்னும் எடை போடல."