கொசுறுக்குக் கட்டம் இல்லை

ஓமஹாவில், ஐந்தாம் மாடியில்,
ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை.
பெரிய கடைகளின் ஆர்டர்கள்
நட்சத்திரக் குறியும் எண்ணுமாக ஓடி வரும்.
கணினி வைத்துக்கொள்ளாத சின்ன வியாபாரிகளுக்கு
அதைத் தாளாக்கி ஃபேக்ஸில் விடுவோம்.
அவர்கள் பேனாவால் எழுதித் திருப்பியதை
மறுபடி எண்ணாக்கிக் கடைக்குத் தட்டிவிடுவேன்.
இரண்டு பக்கத்துக்கும் என்னைத் தெரியாது.

விஸ்கான்சினில் ஆர்விட் ட்வெட்டன்.
குதிரைமுள்ளங்கியைத் துருவி வினிகரில் ஊறப்போட்டு
புட்டியில் அடைத்து விற்கிறவர்.
வீட்டுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே இணைப்பு.
"பத்து மணிக்குமேல் அனுப்பாதீர்கள்.
இயந்திரம் கத்தினால் நாய் குரைக்கிறது,
நாய் குரைத்தால் ஜூனிஸ் விழித்துக்கொள்கிறாள்"
என்று ஒரு தாளின் ஓரத்தில்.
ஓரத்தில் எழுதுவதற்கெல்லாம் எங்களிடம் கட்டம் இல்லை.
அவருடைய ஆர்டர் வரிசைக்கு மட்டும் நேரத்தை மாற்றினேன்.
கிளெண்டாவிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒருநாள்
பன்னிரண்டு பெட்டி என்று எண்ணில் எழுதியிருந்தார்.
பக்கத்தில் ஒரு சொட்டுக் காபி
வளையமாகக் காய்ந்திருந்தது.
கையெழுத்துப் படிக்கும் மென்பொருள்
அதையும் கூட்டிக்கொண்டது:
நூற்றிருபது.
லாரி கிளம்புமுன் பூஜ்ஜியத்தை அழித்தேன்.
அவருக்கு அது தெரியாது.

அடுத்த தாள்:
"பெட்டிக்குள் இரண்டு புட்டி கூடுதலாக வைத்திருக்கிறேன்.
காசு வேண்டாம்."
பதிந்தேன். விலை பூஜ்ஜியம்.
செல்லாது, என்றது திரை.
மறுபடி. செல்லாது.
சும்மா கொடுக்கிற மனுஷனை
இந்த அட்டவணை போட்டவர்கள்
பார்த்ததே இல்லை போலிருக்கிறது.
புட்டிக்கு ஒரு சென்ட் என்று தட்டினேன்.
சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

முப்பதாம் நாள் கடை காசோலை அனுப்பியது,
இரண்டு சென்ட் உட்பட.

அதற்குப் பிறகு வந்த ஃபேக்ஸில்
ஆர்டர் எண் இல்லை, தேதி இல்லை.
நடுவில் இரண்டு கரிய வட்டம்,
தாள் நெடுக ஒரு கீறல்.
காசுகளைத் தாளில் ஒட்டி
இயந்திரத்துக்குள் விட்டிருக்கிறார்!
கண்ணாடியை உரசிக்கொண்டே போயிருக்கும்.
கீழே, அழுத்தி எழுதியது:
"இது என்னுடையது இல்லை.
கணக்குப் போட்டவர் எடுத்துக்கொள்ளவும்."

மென்பொருள் இரண்டு பூஜ்ஜியம் என்று படித்தது.
எந்த ஆர்டரோடும் ஒட்டாததால்
கேள்விக்குறிப் பெட்டியில் தள்ளியது.
அந்தத் தாளை அச்செடுத்து
இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.
எழுதினாலும், என்னவென்று?

கேள்விக்குறிப் பெட்டி இரவு பதினொன்றுக்குக் காலியாகும்.
ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஓர் ஒப்புகை போகும்:
பெறப்பட்டது. பக்கம் ஒன்று.
படுக்கையில் புரண்டபோதுதான் உறைத்தது,
அந்த வரிசைக்கு நான் நேரம் மாற்றவில்லை.

நாய் குரைத்திருக்கும்.