ஒரு விசில்

ஸ்டான்லியில் மூன்றாம் மாடி.
போன வாரம் எத்திராஜுக்குத்
தண்ணீர் என்றால் தங்கசாலை.
வலி, வியாசர்பாடி.
சுகுணாவை ‘மூலக்கடை’ என்றான்;
அவளும் ‘ம்’ என்று திரும்பினாள்.

இன்று நிறுத்தங்களும் போய்விட்டன.
உதடு குவிகிறது,
காற்று மட்டும்.

நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்,
டெப்போ கதை, புது மேனேஜர்,
மழையில் கியர் விழாத நம் பழைய வண்டி.
பதினொரு வருஷம்
அவன் கத்துவான்,
நான் வாய் திறக்காமல் ஓட்டுவேன்.

சாத்துக்குடியை எப்போது உரித்தேனோ,
கையெல்லாம் அந்த வாசம்.
யாரும் தின்னவில்லை.

‘டைம் ஆச்சு, கெளம்பு’ என்று
வார்டுபாய் விரட்ட, எழுந்தேன்.

கட்டில் கம்பியில்
அவன் விரல் நகம்
ஒருமுறை தட்டியது.

நின்றேன்.
அடுத்த தட்டு வரவில்லை.

இரட்டை விசில் கேட்காமல்
நான் வண்டியை எடுத்ததே இல்லை.