பேர் வெட்டிய தட்டு

இடது கட்டைவிரல் வீங்கியதில் தொடங்கியது.
ஞாயிறு காலை ரைஃபிள் கிளப்பில் சுட்ட கூடுகளைப்
பொறுக்கி வந்து, கழுவி, துண்டில் காயவைத்து,
வாரநாள் இரவுகளில் மறுபடி நிரப்புகிறவள் நான்.
அனுமதித் தாளைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறேன்,
சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில்.

வலது கை லீவரை இழுக்கும்.
இடது கை ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து வைக்கும்.
இழு, வை. இழு, வை.
முந்நூறு தாண்டிய மறுநாள்
சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில்
யாருமில்லாத நேரத்தில் விரல் தன்பாட்டுக்கு
இல்லாத கூட்டை
இல்லாத குழியில் வைக்கும்.

கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர்.
சப்பாத்தி மாவு பிசைந்து வந்தது என்று நினைத்துக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

கிச்சிப்பாளையம் பாபுஜான் லேத்.
"தானா வந்து விழணும் பாய், ஒவ்வொண்ணா, வாய் மேலே பார்த்து."
அவர் ஒரு கூட்டை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார்.
விசில் வந்தது. சந்தோஷப்பட்டார்.
"லாரி வைப்பர் மோட்டார் கிடக்கு. சங்ககிரி வண்டியோடது.
எத்தனை மழை பார்த்ததோ, சுத்தும்.
மேலே மாட்ட ஒரு தட்டு கொண்டு வாங்க.
எவர்சில்வர். கெட்டியா. விளிம்பு வச்சது."

பரணில் பதினொன்று இருந்தன.
'ஆரவல்லி – குணாளன் திருமணம்
அன்பளிப்பு: பார்சல் ஆபீஸ் நண்பர்கள்'
புள்ளி புள்ளியாய், விளிம்பைச் சுற்றி.
அந்தத் திருமணம் நடக்கவில்லை.
நகைகள் திரும்பின. மண்டப முன்பணம் பாதி வந்தது.
முகூர்த்தப் புடவையை அத்தை மகள் கட்டிக்கொண்டாள்.
பேர் வெட்டிய தட்டை
யார் திரும்ப வாங்குவார்?

பாபுஜான் எழுத்துக் கூட்டிப் படித்தார்.
என்னைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார்.
பிறகு விளிம்பில் பதினாறு காடி வெட்டினார்.
ஒன்று சரியாக 'ணா'வின் மேல் விழுந்தது.
குளன் ஆகிவிட்டார் அவர்.

முதல் இரவு பத்துக்கு மூன்று கூடு தலைகீழாய் வந்தது.
இரண்டாம் இரவு, குழாயில் ஒன்றின்மேல் ஒன்று சிக்கி
எறும்பு வரிசையை யாரோ மிதித்த மாதிரி நின்றது.
தட்டைச் சாய்த்தோம். போதவில்லை. இன்னும் சாய்த்தோம்.
கடைசியில் அவர் ஒரு தையல் ஊசியை உடைத்து
காடிக்குக் காடி பற்றவைத்தார்.
இப்போது தப்பாய் வந்தது ஊசியில் தடுக்கி
குவியலிலேயே விழுந்துவிடும்.
அதை யாரும் திட்டுவதில்லை.
அடுத்த சுற்றில் வேறு பக்கமாய் வரும்.

நேற்று முழுதாய் ஓடியது.
டிக். டிக். டிக்.
ஆரவல்லி மேலே போனாள், குளன் கீழே வந்தார்,
பார்சல் ஆபீஸ் நண்பர்கள் தலைகீழாய்த் தொங்கினார்கள்.
(அவர்களில் இருவர் ஓய்வு பெற்றாயிற்று.
ஒருவர் என் மேலதிகாரி.)
வலது கைக்கு மட்டும் வேலை.
இடது கை என்ன செய்வதென்று தெரியாமல்
மேசை ஓரத்தைத் தடவியது,
காதைச் சொறிந்தது,
கடைசியில் என் மடியில்
யாரோ விட்டுப்போன பொருள் மாதிரி கிடந்தது.

ஒன்பதரைக்கு சேர்வராயன் மலைப் பக்கம் இடி.
கரன்ட் போனது.
தட்டு நின்ற இடத்தில் என்ன எழுத்து என்று
இருட்டில் விரலால் தொட்டுப் பார்த்தேன்.
'அன்ப', அப்புறம் ஒரு காடி.

மெழுகுவர்த்தி எங்கே வைத்தேனோ.
செல்போன் வெளிச்சத்தில் பரண் ஏறினேன்.
"மீதி பத்தை என்னக்கா பண்ணுவீங்க?" என்று
பாபுஜான் கேட்டதற்கு அன்று பதில் சொல்லவில்லை.
ஒன்றை எடுத்தேன். கழுவினேன். சோறு போட்டேன்.
ரசம் விளிம்புவரை ஏறி
புள்ளி புள்ளியாய் அந்தப் பெயரை நிரப்பியது.
இதில் 'ணா' இருந்தது.
பசி. சாப்பிட்டேன்.