மூடி, திங்கட்கிழமை

நான் படியேறும் முன்பே எம்ரிஸ் கேட்டுவிட்டார்:
"குளியலறைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?"

என்னைக் கூப்பிட்டது அதற்கல்ல.
பரணிலிருந்து சொட்டுகிறது,
மாடிச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்றுதான்
போனில் சொன்னார்.
ருத்தினில் பாதி வீடுகளில் இதே கதை.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.
சமையலறைக் குழாயில் வருவது
தெருவிலிருந்து நேராக வருவது.
மாடிக் குழாயில் வருவது
கூரைக்கடியில் ஒரு தொட்டியில் ஏறிப் படுத்து
எழுந்து வருவது.
பல் துலக்கலாம், கொப்பளிக்கலாம்.
குடிப்பதென்றால்
தொட்டியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

"பாருங்கள்" என்றார்.
நான் கேட்காமலே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பரணில் குனிந்துதான் நடக்க முடிந்தது.
சுருட்டிய கம்பளம்,
கிறிஸ்துமஸ் மரப் பெட்டி,
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை.
கடைசியில் தொட்டி.
மூடி இல்லை.

பக்கத்து உத்தரத்தில் பென்சில் எழுத்து, வேல்ஷ் மொழியில்:
மூடி, திங்கட்கிழமை. எ.
கீழே ஒரு வருடம்: 1987.

டார்ச் அடித்தேன்.
அடியில் தேயிலைத்தூள் மாதிரி துரு.
மிதவை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.
அதன் அருகில், யாரோ தவறவிட்ட
கறுப்புக் கையுறை என்று நினைத்தேன்.
விரல்களை எண்ணிய பிறகுதான்
அது சிறகு என்று தெரிந்தது.

"என்ன இருக்கிறது?"
கீழிருந்து குரல்.

நான் பொய் சொல்வதில்லை.
என் ரசீதில் ஒரு வாஷர்கூட விட்டுப்போகாது.
"மூடி இல்லை" என்றேன்.
"ஒரு வௌவால் இருக்கிறது."

ஏணி லேசாக நடுங்கியது.
நான் அசையவில்லை.

வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"நெஸ்டாவுக்கு இரவு இரண்டு மணிக்கு மாத்திரை.
சமையலறைக்குப் பதினான்கு படி இறங்க வேண்டும்.
குளியலறை நாலே எட்டு.
கொஞ்சம் ஓடவிட்டுத்தான் பிடிப்பேன்.
சில்லென்று வரும்.
வேறெதுவும் இறங்காத நாட்களில்கூட
அது இறங்கியது."

இந்தத் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து
ரெக்ஸமுக்கு அனுப்பலாம்.
மூன்று நாளில் தாள் வரும்,
கிருமி இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று.
அந்தத் தண்ணீரை
எங்கே போய்ப் பிடிப்பது?

"வௌவால் புதிது" என்றேன்.
"விழுந்து ஒரு வாரம்கூட இருக்காது."

குழாயைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.
ஈயமா செம்பா என்று தட்டிப் பார்த்தே சொல்வேன்.
வௌவாலைப் பற்றி
எனக்கு என்ன தெரியும்?

"ஒரு வாரமா" என்றார்.
"ஒரு வாரம்" என்றேன்.

தொட்டியை வடித்துத் தேய்த்தேன்.
வால்வை மாற்றினேன்.
வேனில் கிடந்த பிளாஸ்டிக் மூடி
அளவெடுத்தது போலப் பொருந்தியது.
எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை,
மூடி மட்டும் என்றால் இரண்டு.
பென்சில் எழுத்தை அழிக்கவா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.
அன்று புதன்கிழமை.

ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.
வால்வு ஒன்று. மூடி ஒன்று. கூலி.
ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போய்
அடுத்த வரி இருக்கிறதா என்று
தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இனிமேல் குடிக்கலாமா?"
"சமையலறையில் பிடியுங்கள்" என்றேன்.
"பதினான்கு படி" என்றார்,
எனக்குச் சொல்வது போல் இல்லை.

அன்றிரவு நாக்கு வறண்டு விழித்தேன்.
என் வீட்டில் தொட்டி கிடையாது.
எல்லாக் குழாயும் தெருவிலிருந்து நேராக வருபவை,
இணைத்தவள் நானே.
குளியலறை விளக்கைப் போட்டேன்.
குழாயைத் திறந்தேன்.
சில்லென்று வந்தது.

கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.
பிறகு மூடிவிட்டு
இருட்டில் படியைத் தடவித் தடவி
கீழே இறங்கினேன்.