திறந்த நேரம்

சுங்கை சிப்புட், டயர்க் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
வெள்ளைப் பலகையில் என் எழுத்து நடுங்கும்.
மடல் எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒரு தளம் செய்கிறோம்.
மூன்று பேர், இரண்டு மேசை,
வங்கியில் ஆறு மாத வாடகைப் பணம்.
எதைக் கொடுப்பது, எதை மறுப்பது,
இதற்கே நான்கு சனிக்கிழமை போயிற்று.

எழுத்துருவில் சண்டை இல்லை.
இதயம், கட்டைவிரல், சிரிக்கும் மூஞ்சி என்று
யுகேந்திரன் பதினொன்று வரைந்து வைத்திருந்தான்.
கோமளா பலகையைத் துடைத்துவிட்டு
"பிடித்திருந்தால் பதில் எழுதட்டும்" என்றாள்.
அவன் ஒரு மணி நேரம் பேசவில்லை.
பிறகு ரொட்டி சானாய் வந்தது, பேசினான்.

வாசகர் முகவரிகள் எழுதுகிறவருக்கே சொந்தம்,
எங்களை விட்டுப் போகிறவர்
அத்தனையும் கட்டி எடுத்துப் போகலாம்.
இதை நான்தான் விடாப்பிடியாக நின்று வாங்கினேன்.
தோட்டத்தை விற்றபோது
வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தில்
அப்பா சொந்தக் காசில் போட்ட
சிமெண்டுத் தரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

விலகும் பொத்தான் மேலேயே, கண்ணில் படும்படி.
ஏன் போகிறீர்கள் என்று கேட்க மாட்டோம்.
"கேட்டால்தானே திருத்தலாம்?"
"கோயிலை விட்டு வரும்போது
யாராவது உன்னைக் கேட்கிறார்களா?"

மாட்டிக்கொண்டது ஒன்றில்தான்.
யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை முறை,
எழுதுகிறவருக்கு அதைக் காட்டுவதா?
எல்லாத் தளமும் காட்டுகிறது என்றான் யுகேந்திரன்.
எனக்குப் பெரட்டுக்களம் வந்து நின்றது.
விடியுமுன் வரிசை, டார்ச் வெளிச்சத்தில் பெயர்,
வராதவன் பெயருக்கு எதிரே கிராணி இழுக்கும் கோடு.
சொல்லவில்லை. சொன்னால்
எல்லாவற்றுக்கும் தோட்டத்தை இழுக்கிறாய் என்பார்கள்.
இழுக்கிறேன்தான்.
"வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.
கோமளாவும் கை தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று.

மறுநாள் சவரியப்பன் படியேறி வந்தார்.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி,
எங்கள் முதல் எழுத்தாளர்,
வாசகர் முப்பத்தொரு பேர்.
குலைகளுக்கு அடியில் மணல் மூட்டை வைத்து
எடை கூட்டும் லாரிகளைப் பற்றி
வாரம் ஒரு மடல்.
நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.
"ஒரே ஒருத்தி திறக்கிறாளா என்று மட்டும் சொல்லும்மா.
பாயான் லெப்பாசில் சிப்புத் தொழிற்சாலை.
ரெஜினா என்று இருக்கும்."
மகளா என்று நான் கேட்கவில்லை.
"யாருக்கும் காட்டுவதில்லை, ஐயா."
தலையாட்டினார்.
பழுக்காத குலையைத் திருப்பி அனுப்புகிறவர்,
விதி தெரிந்தவர்.
செருப்புச் சத்தம் படியிறங்க
நேரமெடுத்தது.

காட்டுவதில்லை என்றுதான் முடிவு.
சேர்ப்பதில்லை என்று யாரும் சொல்லவில்லையே.
சர்வரில் எல்லாம் இருந்தது.
இரவு பதினொன்றரை,
கீழே ஷட்டர் இறக்கியாயிற்று.
ரெஜினா என்று தட்டினேன்.

பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று
அவரிடம் சொல்லவில்லை,
இங்கேயும் எழுதப் போவதில்லை.
எட்டு மடல், எட்டு வரிசை,
'திறந்த நேரம்' என்றொரு பத்தி.
அந்தப் பத்தியை அழிக்கும் கட்டளை ஒரே வரிதான்.
இரண்டு முறை பிழையாகத் தட்டினேன்.
மூன்றாவதில் போயிற்று,
முப்பத்தொரு பேருக்கும் சேர்த்து.

சனிக்கிழமை பலகையில்
'காட்டமாட்டோம்' என்பதை அடித்து
'வைத்திருக்க மாட்டோம்' என்று எழுதினேன்.
யுகேந்திரன் வாடகை ரசீதைத் தேடிக்கொண்டிருந்தான்.
கோமளா பலகையைப் பார்த்தாள், பிறகு என்னை.
கீழே யாரோ லாரிக்குக் காற்றடித்தார்கள்.
எழுத்து கோணலாக வந்தது.
துடைக்கவில்லை.